சங்கிலி கழன்றது!

எட்டாம் நாள் விடியற்காலை. நாகப்பட்டினத்தில் என் தோழி வீட்டு வாயிலில் நின்று, மிதிவண்டியின் இருக்கையில் முத்து முத்தாய்ப் படிந்திருந்த மார்கழிப் பனியைத் துப்பட்டாவால் துடைத்தேன். ஏழு நாள் ஓடிய வண்டி. இன்னும் ஒரு நாள் ஓடினால் வீடு. உள்ளம் துள்ளியிருக்க வேண்டும். துள்ளவில்லை! கடந்து வந்த ஏழு நாள் வழியைவிட, எங்கள் ஊர்த் தெருமுனையிலிருந்து எங்கள் வீட்டுத் திண்ணை வரையில் உள்ள இருநூறு அடி வழியே எனக்குக் கடினமானது. அதை நான் அறிவேன். அறிந்துதான் புறப்பட்டேன்.

ஒரத்தநாட்டிலே ஒரு பள்ளியில் நான் ஆசிரியை. கலைக் கல்லூரியில் வரலாறு பயின்றவள். அரையாண்டுத் தேர்வு முடிந்து விடுமுறை விட்டதும், டிசம்பர் 24ஆம் நாள், கல்லூரித் தோழி ஒருத்தியுடன் புறப்பட்டேன். தஞ்சை, கல்லணை, திருவையாறு, குடந்தை, மயிலாடுதுறை, பூம்புகார் என்று காவிரி போகும் வழியே போனோம். ஊருக்கு ஊர் வாய்க்காலாய்ப் பிரிந்து, தன்னைத் தந்து தந்து, கடைசியில் ஓர் ஓடையளவு மெலிந்து அவள் கடல் புகுவதைக் கண்டோம். பிறகு தரங்கம்பாடி, காரைக்கால், நாகூர் வழியாகத் தெற்கே இறங்கினோம். தோழியின் பயணம் அவள் பிறந்த நாகையோடு முடிந்தது. இறுதி நாள் எனக்கு மட்டும்.

வழியெல்லாம் எங்களைக் கேட்டவர்கள் கேட்ட கேள்வி ஒன்றே. "எந்தக் கோயிலுக்கும்மா?" எந்தக் கோயிலுக்கும் இல்லை என்றால், "வேளாங்கண்ணிக்கா? நாகூருக்கா?" அதற்கும் இல்லை என்றால், ஐயத்தோடு ஒரு பார்வை! வேண்டுதல் இருந்தால் பெண் வீதிக்கு வரலாம்; விருப்பம் இருந்தால் வரலாகாது! முழங்காலால் தவழ்ந்து போனாலும் "பாவம், பக்தி" என்பார்கள். மிதிவண்டியில் நிமிர்ந்து உட்கார்ந்து, "ஊரைப் பார்க்கப் போகிறோம்" என்றால், வீட்டில் ஆண்பிள்ளை இல்லையா என்பார்கள். மூன்றாம் நாளிலிருந்து என் தோழி, "ஆமாம், வேண்டுதல்தான்" என்று சொல்லத் தொடங்கிவிட்டாள். "என்ன வேண்டுதல்?" என்று கேட்ட ஓர் அம்மையாருக்கு, "யாரும் கேள்வி கேட்காமல் இருக்க வேண்டும் என்று வேண்டுதல்" என்றாள். அம்மையார் சிரித்துவிட்டு இரண்டு கொய்யாப் பழம் தந்தார்.

எனக்கு மிதிவண்டி கற்பித்தவர் என் அன்னை. அவர் கந்தர்வகோட்டைப் பக்கத்துச் சிற்றூரில் பிறந்தவர். எங்கள் ஊரிலிருந்து அது எட்டிப் பிடிக்கும் தொலைவுதான். ஆயினும் அது புதுக்கோட்டை மாவட்டம். ஆற்றுப் பாசனம் எட்டாத புன்செய் மண், கல்லுடைக்கும் மண். அந்த மண்ணிலே 1991ஆம் ஆண்டு அறிவொளி இயக்கம் வந்தது. எழுத்தறிவிக்க வந்த இயக்கம், எழுத்தோடு நிற்கவில்லை. அன்றைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் முனைந்து நிற்க, பெண்கள் மிதிவண்டி கற்கத் தொடங்கினர். கல்லுடைக்கும் பெண்கள், களையெடுக்கும் பெண்கள், செவிலியர், ஆசிரியைகள் என ஓரிலட்சம் பேருக்கு மேல் கற்றனர் என்று அந்நாளில் எழுதினார்கள். செய்தியாளர் பி. சாய்நாத் நேரில் போய்க் கண்டு எழுதியபின் அதை உலகமே படித்தது. பெண்களுக்கென்று செய்த வண்டிகள் போதவில்லை. போதாவிட்டால் என்ன? ஆண்கள் வண்டியிலேயே ஏறினார்கள். குறுக்குக் கம்பியிலே குழந்தையை உட்கார வைத்துக்கொள்ளலாம். அதுவே வசதி என்றார்கள்!

அம்மாவுக்கு அப்போது பதினாறு வயது. விழுந்த தழும்பு முழங்காலில் இன்றும் இருக்கிறது. நான் சிறுமியாக இருந்தபோது அதைத் தடவிப் பார்த்துத் தூங்குவேன்.

1996இல் திருமணமாகி எங்கள் ஊருக்கு வந்தபோது அவர் தம் மிதிவண்டியையும் கொண்டு வந்தார். எங்கள் ஊர் ஒரத்தநாட்டை அடுத்தது; பெயர் வேண்டாம். வந்த முதல் வாரத்திலேயே அஞ்சலகத்துக்கு வண்டியில் போனாராம். திரும்பி வரும்போது திண்ணையில் தாத்தா உட்கார்ந்திருந்தார். வாய் திறந்து எதுவும் சொல்லவில்லை, பார்த்தார். அவ்வளவே! அம்மா இறங்கிவிட்டார். இறங்கியதற்கு ஒரு காரணம் சொல்ல வேண்டுமல்லவா? "சங்கிலி கழண்டுபோச்சு மாமா" என்றாராம். அன்று இறங்கியவர் இறங்கியவர்தாம். வண்டி மாட்டுக் கொட்டகையில் நின்றது. கோழிகள் அதில் உறங்கின. பின்னொரு நாள் பழைய இரும்புக்காரனுக்குப் போயிற்று. எனக்கு ஒன்பது வயதானபோது, புது ஆறு என்று எங்கள் பக்கத்தில் வழங்கும் கல்லணைக் கால்வாயின் கரையில், ஊர் விழிப்பதற்குமுன், இரவல் வண்டி ஒன்றைப் பிடித்துக்கொண்டு எனக்குக் கற்பித்தார். தாம் ஒருமுறையும் ஏறவில்லை.

தாத்தாவைக் கொடியவர் என்று யாரும் எண்ண வேண்டாம். படிப்பகத்துக்கு இடம் தந்தவர். என்னைக் கல்லூரிக்கு அனுப்பியவரும் அவரே. வில்வண்டியில் போய்ப் பழகியவருக்கு மிதிவண்டி ஓட்டவே தெரியாது. ஆனால் எங்கள் தெருவில் யார் ஓட்டலாம், யார் இறங்கித் தள்ள வேண்டும் என்ற சட்டம் மட்டும் அவருக்குத் தெரியும். எழுதாச் சட்டம்! தெற்குத் தெரு உழைப்பாளி, எங்கள் தெருவைக் கடந்துதான் தம் வீட்டுக்குப் போக முடியும். தெருமுனையில் இறங்க வேண்டும், இருநூறு அடி தள்ள வேண்டும், மறுமுனையில் ஏறிக்கொள்ளலாம். தோளில் துண்டு கிடந்தால் அது கைக்கு வர வேண்டும். இப்போது யாரும் அப்படிக் கேட்பதில்லை. கேட்பதில்லை என்பதால் போய்விட்டதா?

சென்ற ஆண்டு என்னிடம் பத்தாம் வகுப்புப் பயின்ற மாணவி ஒருத்தி. தெற்குத் தெருப் பெண். இப்போது பதினொன்றாம் வகுப்பு. அரசு தரும் இலவச மிதிவண்டி அவளுக்கும் கிடைத்தது. 2001இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்கெனத் தொடங்கி, 2005 முதல் மற்ற மாணவருக்கும் விரிந்த திட்டம் அது. வண்டி கிடைத்த அன்று மாலை, கூடையிலே புத்தகப் பையோடு மகிழ்ச்சியாக வந்தவள், எங்கள் தெருமுனையில் இறங்கித் தள்ளிக்கொண்டு போனாள். நான் வாயிலில் நின்றிருந்தேன். "ஏன் இறங்கிட்டே?" என்றேன். தலை குனிந்தபடி, "சங்கிலி கழண்டுபோச்சு டீச்சர்" என்றாள்.

சங்கிலியைப் பார்த்தேன். பற்சக்கரத்தில் பதிந்து, எண்ணெய் மினுக்கோடு, அழகாக இருந்தது.

வகுப்பறையிலே நான் எத்தனை புரட்சிகளை நடத்தியவள்! பாஸ்டில் சிறையை எத்தனை முறை இடித்தவள்! என் வீட்டு வாயிலில், என் மாணவி இறங்கித் தள்ளுகிறாள். நான் சங்கிலியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். அந்த இரவு முதல் எனக்கு அமைதி இல்லை. அறிவுரை சொல்லலாமா? "இறங்காதே" என்று அவளுக்குக் கட்டளையிட்டுவிட்டு, விளைவை அவளும் அவள் தந்தையும் சுமக்கட்டும் என்று நான் வீட்டுக்குள் போய்விடுவதா? நானே அந்தத் தெருவில் வண்டி ஓட்டியவள் அல்லளே! அன்னையைப் போலவே நானும் முனையில் இறங்குவேன். மற்றவர்க்குச் சாதி, எனக்கு "மரியாதை". இறங்குவதென்னவோ ஒரே இடம்தான்! ஊர் சுற்றும் ஆசை எனக்கு முன்பே உண்டு. ஆயினும் எட்டு நாள் ஓட்டிவிட்டு வந்தால் ஒன்பதாவதாக அந்த இருநூறு அடியை ஓட்டும் துணிவு வரும் என்ற எண்ணமே என்னை ஏற்றிவிட்டது.

வாடைக் காற்று முதுகில் தள்ள, நாகையை விட்டு மேற்கே மிதித்தேன். இதே நாகை மாவட்டத்துக் கரையில், 2004 டிசம்பர் 26இல் கடல் ஏறி 6,000க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று. அந்நாளில் பள்ளிச் சிறுமியாயிருந்த தோழியின் அக்காள் அதுபற்றி இரவில் சொன்னவற்றை இங்கே எழுத எனக்கு மனம் இல்லை.

சிக்கலைத் தாண்டுகையில் காரைக்கால் நினைவு வந்தது. ஆறாம் நாள் அங்குத் தங்கினோம். வாழையும் வயலும் வாய்க்காலும், அரசலாற்று நீரும், எல்லாம் நம் நாடுதான். ஆனால் 1739 முதல் 1954 நவம்பர் 1 வரை அது பிரெஞ்சு நாடு! ஒரு வயலுக்கும் அடுத்த வயலுக்கும் இடையே இரண்டு பேரரசுகள். இடையிலே சுங்கச் சாவடி. 1962 ஆகஸ்டு 16இல் சட்டப்படியும் இந்தியாவோடு இணைந்தது. வரலாறு படித்த எனக்கு அந்த ஊரில் உறக்கம் வரவில்லை. விடுதலை, சமத்துவம், உடன்பிறப்புணர்வு என்று முழங்கிய நாட்டின் கொடியின்கீழ், பத்தொன்பதாம் நூற்றாண்டில், அந்தத் துறையிலிருந்துதான் ஒப்பந்தக் கூலிகளாய் நம் மக்கள் கப்பலேறினர். ரெயூனியனுக்கும், மார்த்தினிக்குக்கும், குவாதலூப்புக்கும், கரும்புக் காட்டுக்கு! 1861இல் பிரிட்டனும் பிரான்சும் உடன்படிக்கை செய்துகொண்டபின் பிரிட்டிஷ் பகுதியிலிருந்தும் ஆள் சேர்க்க வழி பிறந்தது. நெல் விளையும் நாட்டிலிருந்து மனிதன் ஏன் கடல் கடந்து கரும்பு வெட்டப் போனான்? நெல் விளைந்தது யாருக்கு என்று கேட்டால் விடை கிடைக்கும்.

அதே பிரெஞ்சு ஆட்சி 1881இல் ஓர் ஆணை இட்டது. தன் சாதி, சமய வழக்குச் சட்டத்தைத் துறக்கிறேன் என்று ஒருவன் எழுதிக் கொடுத்தால், பிரெஞ்சுக்காரனுக்குள்ள உரிமைச் சட்டம் அவனுக்கும் உண்டு. புதிதாக ஒரு குடும்பப் பெயரும் சூட்டிக்கொள்ளலாம். ஒரு கையொப்பத்தால் சட்டம் மாறியது, தெரு மாறியதா? காரைக்கால் தெருக்களில் நானும் தோழியும் எங்கும் இறங்காமல் ஓட்டினோம். ஆனால் நாங்கள் யார் என்று அங்கு எவருக்கும் தெரியாதே! தெரியாத ஊரில் நிமிர்ந்து போவது எளிது.

மிதிவண்டி என்றதும் அந்தப் பிரான்சைப் பற்றி மற்றொன்று சொல்ல வேண்டும். 1903இல் ஒரு செய்தித்தாள், தன் விற்பனையைப் பெருக்குவதற்காக நாடு சுற்றும் மிதிவண்டிப் பந்தயம் ஒன்றை நடத்தியது. புறப்பட்டவர் 60 பேர். இறுதி நாளாகிய ஜூலை 19இல் பாரிசு சேர்ந்தவர் 21 பேர். மற்றவர் வழியில் நின்றுவிட்டனர். அவர்களுக்கும் முன்னரே, 1894இல், அமெரிக்காவின் பாஸ்டனிலிருந்து ஆனி லண்டன்டெரி என்ற பெண், மூன்று குழந்தைகளின் தாய், உலகைச் சுற்ற மிதிவண்டியில் கிளம்பி மறு ஆண்டு திரும்பினாள். கடலைக் கப்பலில்தான் கடந்தாள். ஓட்டியது குறைவு, ஏறிப்போனது அதிகம் என்று குறை சொன்னவர் உண்டு. எனக்கு அதில் குறை தோன்றவில்லை. வீட்டை விட்டுக் கிளம்பியதுதானே பெரிது!

கீழ்வேளூரில் இடப்புறம் திரும்பினேன். தேவூரைக் கடந்தால் கீழவெண்மணி.

சம்பா கதிர் ஈன்று பால் பிடிக்கும் பருவம். இரு மருங்கும் பச்சை. அந்தப் பச்சைக்கு நடுவே நினைவிடம். ஆறு நாள்களுக்கு முன், டிசம்பர் 25இல், வந்தவர்கள் வைத்த மாலைகள் காய்ந்து கிடந்தன. 1968ஆம் ஆண்டு அதே நாள் இரவு, கூலியாக அரைப்படி நெல் கூடுதலாய்க் கேட்டு அமைப்பாகத் திரண்ட உழைப்பாளிகளின் தெருவில், ஒரே குடிசைக்குள் அடைக்கலம் புகுந்த 44 பேர் எரிக்கப்பட்டனர். பெரும்பாலோர் பெண்கள், குழந்தைகள், முதியோர். அண்ணா முதலமைச்சராக இருந்த ஆட்சி அது. அதைச் சொல்லாமல் இதை எழுதினால் நேர்மையாகாது. மறு ஆண்டு கீழத்தஞ்சைக்குக் கூலிச் சட்டம் வந்தது. வழக்கு என்னவாயிற்று? கீழ் நீதிமன்றம் தண்டித்தது, உயர்நீதிமன்றம் விடுவித்தது. பெருநிலம் உடையவர்கள், கார்கூட வைத்திருப்பவர்கள், தாமே நடந்து போய்க் குடிசைக்குத் தீ வைத்திருப்பார்கள் என்பது நம்பத்தக்கதாயில்லை என்ற கருத்து அந்தத் தீர்ப்பிலே இடம்பெற்றது.

கார் உள்ளவன் நடக்கமாட்டானாம்! நடக்காதவன் கொளுத்தமாட்டானாம்! கல்லூரியில் முதன்முதல் இதைப் படித்தபோது நகைப்பு வந்தது. அந்தப் பெயர்களின் முன் நின்றபோது நகைப்பு வரவில்லை. யார் ஏறிப் போகலாம், யார் இறங்கித் தள்ள வேண்டும் என்பது எங்கள் தெருவின் சிறு வழக்கம் என்று எண்ணியிருந்தேன். அந்த வழக்கத்துக்கு நீதிமன்றம்வரை நீளும் கை உண்டு என்று அங்கே உறைத்தது. 44 பெயர்களையும் ஒவ்வொன்றாகப் படித்தேன். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியம்மா ஒருவர் அருகில் வந்து, "நீ எந்த ஊரு ஆயி?" என்றார். ஊரைச் சொன்னேன். அடுத்த கேள்வி "எந்தத் தெரு?" என்று வருமோ என அஞ்சினேன். வரவில்லை. "வெயிலுக்கு முன்னாடி போய்ச் சேரு" என்றார்.

திருவாரூரில் தேர்நிலையை ஒட்டி நின்று தேநீர் அருந்தினேன். ஆழித்தேர் புகழ் பாடாத வாய் உண்டா? இதே ஊரிலேதான், கன்றின்மேல் தேர் ஏற்றிய மகனைத் தேர்க்காலில் இட்ட மன்னன் கதை நடந்ததாகச் சொல்கிறோம், பாடமாக வைக்கிறோம், நானும் நடத்தியிருக்கிறேன். ஒரு கன்றுக்கு மகனையே தந்த நீதி! ஒரு காலைப் பொழுதில் மிதிவண்டியில் வந்துவிடும் தொலைவிலே வெண்மணி. இனி அந்தப் பாடத்தை எப்படி நடத்துவேனோ, தெரியவில்லை.

கூத்தாநல்லூரைத் தாண்டியபின் பின்சக்கரம் படுத்துவிட்டது. ஏழு நாள் காட்டாத குணத்தை எட்டாம் நாள் உச்சிவெயிலில் காட்டியது. அரைக் கல் தொலைவு தள்ளிக்கொண்டு போனபின், புளிய மரத்தடியில் ஒரு மிதிவண்டிக் கடை. முதியவர் ஒருவர் டயரை நெம்பி, டியூபை உருவிக் காற்றடித்துத் தண்ணீர்ச் சட்டியில் அமுக்கினார். குமிழி வந்த இடத்தை விரலால் அடைத்துக்கொண்டு, உப்புத்தாளால் தேய்த்து, பசை தடவி, காயும்வரை ஊதிக்கொண்டே பேசினார். தந்தை காலத்தில் அது வாடகைக் கடையாம். பத்து வண்டி நின்றதாம்.

"பண்ணையாளுங்க சாயங்காலம் வந்து ஒரு மணி நேரம் எடுப்பாங்கம்மா. ரோட்டுல ஓட்டுவாங்க. ஊருக்குள்ள போனா எறங்கித் தள்ளணும். பெரிய ஊரா இருந்தா கால் மணி நேரம் தள்ளுறதுக்கே ஆகும்." ஒட்டை அழுத்திக்கொண்டே நிறுத்தினார். "தள்ளுன நேரத்துக்கும் வாடகை குடுத்தாங்க. நாங்களும் வாங்குனோம்."

பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் தஞ்சைக்கு வந்தது 1952இல். அச்சட்டத்தின் பிரிவுகளைத் தேர்வுக்காக நெட்டுருச் செய்தவள் நான். தள்ளிய நேரத்துக்கும் வாடகை கொடுத்த செய்தி எந்தப் பாடநூலிலும் இல்லை. முதியவர் என்னிடம் கேட்ட காசு மிகக் குறைவு. கூடக் கொடுத்ததைத் திருப்பிவிட்டார்.

மன்னார்குடியில் தயிர்ச்சோறு. கால்கள் கெஞ்சின. வடுவூர் ஏரியை அடைந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. 1999 முதல் அது பறவைகளின் காப்பிடம். எங்கெங்கிருந்தோ வந்த பறவைகள், கடவுச்சீட்டும் சாதிச் சான்றும் இன்றி, நீர்மேல் இறங்கிக்கொண்டிருந்தன. கரையில் உட்கார்ந்து அம்மாவுக்குத் தொலைபேசியில் பேசினேன். "தாத்தா திண்ணையில்தான் இருக்கார்" என்றார், நான் கேளாமலே. பிறகு, "மெதுவா வா" என்றார்.

ஒரத்தநாடு வந்தபோது பொழுது அடைந்துவிட்டது. முத்தம்பாள் சத்திரத்தின் முன் மூன்று மாணவியர் மிதிவண்டிகளோடு காத்து நின்றனர். என் பயணத்தை வகுப்பில் யாரிடம் சொன்னேனோ, அது ஊருக்கே தெரிந்திருந்தது. அந்தச் சத்திரத்தைப் பாராதவர்களுக்குச் சொல்கிறேன்: இரண்டாம் சரபோசி மன்னன், தான் காதலித்த முத்தம்பாள் என்பாளின் பெயரால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்பியது, இராமேசுவரம் போகும் வழிப்போக்கர்க்கு உணவிட்ட இடம். அரசியர் பலரின் பெயர் மறைந்தது. அரியணையில் பங்கில்லாத அவள் பெயர் நிற்கிறது! அதன் சுவரிலே கல்லில் சக்கரம், கல்லில் குதிரை, கல்லில் யானை, கட்டிடமே தேர்போல. இருநூறு ஆண்டாய் ஓரடி நகராத தேர்!

பிள்ளைகள் என்னைச் சூழ்ந்துகொண்டு, எத்தனை கிலோமீட்டர், எத்தனை பஞ்சர், கடல் எப்படி என்று கேட்டனர். சிரித்துப் பேசிக்கொண்டு வண்டியை விட்டோம். இருவர் ஊருக்குள்ளேயே பிரிந்தனர். மூன்றாமவள் என்னோடு வந்தாள். அவள்தான், சங்கிலிக்காரி. கூடையிலே அவள் தந்தையின் கைபேசி விளக்காக எரிந்துகொண்டிருந்தது. என் கைப்பிடியிலும் ஒரு விளக்கு. இரண்டு ஒளியும் சாலையில் ஒன்றாக ஓடின. வழியிலே அவள் வெண்மணியைப் பற்றிக் கேட்டாள். அவள் பாட்டியின் உறவினர் அந்தப் பக்கத்தில் உண்டாம். எனக்கு அது அதுவரை தெரியாது.

தெருமுனை வந்தது. அவள் வேகம் தளர்ந்தது. கால் மிதியை விட்டுத் தரையைத் தேடிற்று.

"சங்கிலி, டீச்சர்..." என்று தொடங்கினாள்.

என் கை விளக்கின் பொத்தானை அழுத்திற்று. என் ஒளி அணைந்தது.

"அத அப்பறம் பாக்கலாம்மா. என் லைட்டு நின்னுபோச்சு. தெருவுல கல்லு கெடக்கும். நீ முன்னால போய் வெளிச்சம் காட்டு. நான் பின்னாலயே வர்றேன்."

ஆசிரியை பொய் சொல்லலாமா? சொன்னேன்.

அவள் என்னைப் பார்த்தாள், தெருவைப் பார்த்தாள். எங்கள் வீட்டுத் திண்ணையில் மஞ்சள் வெளிச்சம் தெரிந்தது. எவ்வளவு நேரம் நின்றோம் என்று தெரியவில்லை. பிறகு தரையைத் தொட்ட கால் மிதியின்மேல் ஏறியது. அவள் முன்னே போனாள். நான் நான்கு முழம் பின்னே. மூன்றாவது வீட்டு வாசலில் ஒரு நாய் குறுக்கே வர, அவள் மணி அடித்தாள். நாய் விலகிய பின்னும் அடித்தாள். திண்ணையைக் கடக்கும்போதும் அடித்துக்கொண்டுதான் போனாள். நான் எங்கள் வாயில் வரை இறங்கவில்லை. அவளோ மறுமுனை திரும்பித் தெற்குத் தெருவுக்குள் போகும்வரை அந்த மணியோசை கேட்டது.

வண்டியை நிறுத்தும்போது என் கால்கள் நடுங்கின. தொண்ணூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிய நடுக்கம் என்று வைத்துக்கொள்ளலாம்.

"முன்னால மணி அடிச்சுக்கிட்டுப் போனது யாரு?" என்றார் தாத்தா.

"எங்கிட்ட படிச்ச பொண்ணு தாத்தா. தெக்குத் தெரு."

அவர் நெடுநேரம் பேசவில்லை. வெற்றிலைப் பெட்டியைத் திறந்தார். எதையும் எடுக்காமல் மூடினார். "நீயும் எறங்காமத்தான் வந்தே" என்றார். அது கேள்வியா, குற்றச்சாட்டா என்று குரலில் தெரியவில்லை. "ஆமாம் தாத்தா" என்றேன். தூணைப் பிடித்து எழுந்து உள்ளே போனார்.

அம்மா வெளியே வந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை, வண்டியைத்தான் பார்த்தார். சக்கரத்தைச் சுழற்றினார், பின்டயரில் ஒட்டுப் போட்ட இடத்தைக் கட்டைவிரலால் அழுத்தினார். கைப்பிடியில் இருந்த விளக்கைத் தட்டினார். அது பளிச்சென்று எரிந்து அவர் முகத்தில் அடித்தது.

"லைட்டு நின்னுபோச்சுன்னு சொன்னது தெரு முழுக்கக் கேட்டுச்சு" என்றார்.

நான் பேசவில்லை.

"சங்கிலி கழண்டுபோச்சுன்னு சொல்லியிருக்கலாம்ல?" என்றார் அம்மா, தாழ்ந்த குரலில். சொல்லிவிட்டு இருக்கையின் உயரத்தைக் கையால் அளந்து பார்த்தார். "எனக்கு இது கொஞ்சம் ஒசரம். ஒரு வெரக்கடை எறக்கி வை."